மாதாகூட்டுக் கண்ணாடி

மெழுகுதிரிக்கு முன்னால் கண்ணாடி போடலாம் என்று முதன்முதலில் நினைத்த மனிதர் யாரோ, அவர் என் கையில் அகப்பட்டால் ஒரு துணியையும் ஒரு வாளித் தண்ணீரையும் கொடுத்து எங்கள் வேலி மூலையில் நிறுத்தி வைப்பேன். ஏசமாட்டேன். துடைக்கச் சொல்வேன், அவ்வளவுதான். ஒரு கிழமை துடைத்த பிறகு அவரே தன்னை ஏசிக்கொள்வார்.

நாரந்தனையில் எங்கள் வளவு முடிகிற மூலையில்தான் கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை தொடங்குகிறது. அந்த மூலையில் ஒரு மாதா கூடு. நெஞ்சளவு உயரத்துக்குச் சீமெந்துக் கட்டு, அதன்மேல் சின்ன வீடுபோல ஒரு பெட்டி, முன்பக்கம் அலுமினியச் சட்டம் போட்ட கண்ணாடிக் கதவு, உள்ளே ஒரு முழ உயரத்தில் நீலப் போர்வையோடு மாதாவின் சுருவம். நிலம் எங்களுடையது, ஆகவே பூட்டின் திறப்பு என்னிடம். திறப்பு என்னிடம் இருப்பதால் துடைக்கும் துணியும் என்னிடம். இதை ஒருவரும் கூடிப் பேசி முடிவெடுக்கவில்லை. ஒருநாள் நான் துடைத்தேன். அடுத்த நாள், "என்ன அக்கா, இண்டைக்குத் துடைக்கேல்லையோ?" என்று கேட்டார்கள். அதோடு வேலை என் தலையில் விழுந்துவிட்டது.

துடைக்காமல் விட்டால் என்ன என்று வெளியூர் ஆட்கள் கேட்பார்கள். விட முடியாது. எங்கள் கரையில் தொழிலுக்குப் போகிறவர்கள் மாதாவின் முகம் பார்க்காமல் படகில் ஏறமாட்டார்கள். பொழுது சாய்கிற நேரம் தெருவின் அந்தப் பக்கத்தில், ஒழுங்கைக்கு எதிரே நின்று பார்ப்பார்கள். கிட்டப் போய்ப் பார்ப்பது கணக்கில் இல்லை. நின்ற இடத்தில் நின்றபடி முகம் தெரியவேண்டும். தெரிந்தால் சிலுவை போட்டுக்கொண்டு கரைக்கு இறங்குவார்கள். தெரியாவிட்டால் அன்றைக்குத் தொழில் இல்லை, வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். அந்தத் தூரத்தில் ஒரு முகம் தெரியாத அளவுக்கு மழைக்காரோ புழுதியோ இருந்தால் கடலுக்குப் போகாமல் இருப்பது நல்லது. அந்தப் புத்திதான் இந்த வழக்கத்துக்குள் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். ஆனால் கேட்டால் ஒருவரும் அப்படிச் சொல்லமாட்டார்கள். மாதா முகம் தரவில்லை என்பார்கள்.

இது ஆண்களின் வழக்கம். பெண்களுக்கு இன்னொன்று இருக்கிறது. வீட்டு ஆள் கடலில் நிற்கும்போது அவருக்காகக் கொளுத்திய மெழுகுதிரி தானாக எரிந்து முடியவேண்டும். காற்றில் அணைந்துபோனால் அன்று முழுக்க அந்த வீட்டில் ஒருவருக்கும் சோறு இறங்காது. கூடு திறந்து கிடந்த காலத்தில் சோளகக் காற்று ஒரு திரியையும் விட்டு வைக்கவில்லை. பூவை ஆடு தின்றது, சுருவத்தின் தலையில் காகம் இருந்து தன் வேலையைப் பார்த்தது. பிரான்சிலிருந்து வந்த உறவுக்காரர் ஒருவர் இதைக் கண்டு மனம் பொறுக்காமல் கண்ணாடிக் கதவு போட்டுக் கொடுத்தார். புண்ணியவான். ஆடும் காகமும் அன்றோடு போயின. ஆனால் காற்றுப் படாத இடம் கிடைத்துவிட்டது என்று பெண்கள் எல்லோரும் திரியை உள்ளே கொண்டுபோய் வைத்தார்கள். மனுசன் பத்திரமாகத் திரும்பவேண்டும் என்று மனைவி உள்ளே திரி கொளுத்துகிறாள். அந்தப் புகை கண்ணாடியில் படிகிறது. அடுத்த நாள் அந்த மனுசன் தெருவில் நின்று பார்த்தால் முகம் தெரியவில்லை. இந்தக் கூத்துக்கு நடுவில் துணியோடு நான்.

அந்தக் கரியைப் பற்றி நான் கொஞ்சம் சொல்லத்தான் வேண்டும். சாதாரணக் கரி என்றால் ஈரத் துணிக்குப் போய்விடும். இது மெழுகு ஆவியோடு சேர்ந்து படிகிற கரி. மேலே கடற்காற்றின் ஈரம் பிடித்தால் ஒரு தோல் மாதிரி ஆகிவிடும். சுரண்டினால் நகத்துக்குள் வரும், ஆனால் கண்ணாடியை விட்டுப் போகாது. உள்பக்கம் இது என்றால் வெளிப்பக்கம் உப்பு. உள்ளே துடைத்து முடித்து வெளியே வந்து பார்த்தால் வெளியே மங்கல். வெளியே துடைத்தால் உள்ளே நான் துடைத்த துணியின் கோடுகள் தெரியும். எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தெரியாத ஒரு கறையை நான் இரண்டு பக்கமும் மாறி மாறித் துடைத்த நாட்கள் உண்டு. "கோதாரி விழுந்த கண்ணாடி" என்று வாயில் வரும். மாதாவுக்கு முன்னால் நின்று சொல்கிறேனே என்று நாக்கைக் கடித்துக்கொள்வேன்.

புத்திமதி சொல்ல ஊரில் ஆள் பஞ்சமில்லை. தேசிக்காய்ப் பாதி போட்டுத் தேய் என்றார்கள். தேய்த்தேன், எறும்பு வந்தது. பற்பசை என்றார்கள். வெள்ளையாய்க் காய்ந்து சட்டத்தின் இடுக்கெல்லாம் அடைத்துக்கொண்டது. மண்ணெண்ணெய் போட்டால் ஒரே இழுவையில் போகும் என்று ஒருவர் சொன்னார். உண்மைதான், போனது. நான் கையைக் கழுவிக்கொண்டு திரும்புவதற்குள் எதிர்வீட்டு மச்சாள் திரியும் நெருப்புப் பெட்டியுமாக வந்துவிட்டாள். நான் கத்திய கத்தலில் அவள் நெருப்புப் பெட்டியைத் தெருவில் எறிந்துவிட்டு ஓடினாள். சுருவம் தப்பியது மாதாவின் கிருபை.

இதெல்லாம் வெறும் அலுப்புத்தான். துடைப்பேன், புறுபுறுப்பேன், விட்டுவிடுவேன். என் வீட்டுக்காரர் தொழிலுக்குப் போகாமல் திரும்பி வரத் தொடங்கிய பிறகுதான் விசயம் வேறாகியது.

இவரும் என் தம்பியும் ஒரே படகில் தொழில். எஞ்சினைப் பிடித்துப் படகை ஓட்டுவது இவர், வலை விடுவது தம்பி. பின்னேரம் போனால் விடியத்தான் வருவார்கள். ஒருநாள் போன ஆள் போன கையோடு திரும்பி வந்து, வலைப் பையைக் குசினி வாசலில் போட்டார்.

"என்ன?"

"முகம் தெரியேல்லை."

"இப்பதானே துடைச்சனான். மற்ற ஆக்களெல்லாம் போட்டினமே!"

"அவைக்குத் தெரிஞ்சிருக்கும். எனக்குத் தெரியேல்லை. உந்தக் கண்ணாடியை ஒழுங்காய்த் துடை."

ஒழுங்காய்த் துடை! சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கதிரையில் போய் இருந்துகொண்டு சொல்கிறார். எனக்கு உச்சியில் ஏறியது. ஆனாலும் போய்த் துடைத்தேன். இரண்டு நாள் கழித்து மறுபடியும் அதே கதை. பிறகு இன்னொரு நாள். தம்பிக்கும் அன்றைக்குத் தொழில் இல்லை. அவனுக்குச் சின்னப் பிள்ளைகள். அவன் மனைவி என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் தெருவில் கண்டால் முதலில் கண்ணாடியைப் பார்ப்பாள், பிறகுதான் என்னைப் பார்ப்பாள்.

அந்த நாட்களில்தான் நோர்வேயிலிருக்கும் என் தங்கச்சி போனில் வந்தாள். அவள் வீட்டில் குளிருக்கு ஓர் அடுப்பு இருக்கிறது. மரத்தூளை இறுக்கிக் கோழித்தீன் மாதிரிச் செய்த குறுணியைப் போட்டு எரிப்பார்களாம். முன்பக்கம் கண்ணாடி. அதற்குள் நெருப்பு எரிவதைப் பார்த்துக்கொண்டு இருப்பார்களாம். நான் என் பாட்டைச் சொல்லி அழ, அவள் போனைத் திருப்பித் தன் அடுப்பைக் காட்டினாள்.

"எங்களுக்கும் உதே கரைச்சல்தான் அக்கா. மருந்து ஒண்டும் தேவையில்லை. பேப்பரை நனைச்சு, அந்தச் சாம்பலிலையே தொட்டுத் துடை. பிறகு காஞ்ச பேப்பராலை துடை. கரி கிடக்காது. அதோடை, உங்கடை கூட்டுக்குக் காத்துப் போய்வர வழி இருக்கோ? காத்துக் காணாட்டித்தான் கரி பிடிக்கும்."

அவள் கதிரையில் இருந்து தீயைப் பார்ப்பதற்காகத் துடைக்கிறாள், நான் ஒரு மனுசனைக் கடலுக்கு அனுப்புவதற்காகத் துடைக்கிறேன் என்று சொல்ல வாய்வரை வந்தது. சொல்லவில்லை. அடுப்பிலிருந்து சாம்பலை அள்ளிக்கொண்டு நேரே போனேன். அவசரத்தில் அரிக்காமல் போனேன். பனை மட்டை எரித்த சாம்பலில் மண்ணும் குறுணிக் கரியும் இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். கோபத்தில் மறந்துவிட்டேன். கரி போனது உண்மை, ஆனால் கண்ணாடியின் நடுவில், சரியாக மாதாவின் முகத்துக்கு நேரே, ஒரு நீளக் கீறல் விழுந்துவிட்டது. அன்று பின்னேரம் இவர் திரும்பி வந்து, "இப்ப கீறலும் விழுத்திப்போட்டாய். இனி எங்கை தெரியப்போகுது?" என்றார். அன்றிரவு அவருக்கு நான் புட்டு மட்டும்தான் வைத்தேன். கறி வைக்கவில்லை.

அடுத்த நாளிலிருந்து சாம்பலை மா அரிக்கிற அரிதட்டில் அரித்தேன். தம்பி வந்து சட்டத்தின் அடியிலும் மேலும் துளை போட்டுத் தந்தான். நான் சுத்தத்தின் உச்சத்துக்குப் போய்விட்டேன். இனி உள்ளே திரி வைக்கவே கூடாது என்று கதவைப் பூட்டித் திறப்பைத் தாலிக்கொடியோடு கோத்துக்கொண்டேன்.

அன்று நடந்த சண்டையை இப்போது நினைத்தாலும் உடம்பு கொதிக்கிறது. பெண்கள் ஏழெட்டுப் பேர் வேலியில் வந்து நின்றார்கள். எதிர்வீட்டு மச்சாள்தான் முன்னுக்கு.

"மாதாவை நீர் பூட்டி வைக்கிறதோ? ஆர் உமக்கு அந்த உரிமை தந்தது?"

"நான் மாதாவைப் பூட்டேல்லை. உங்கடை புகையைத்தான் பூட்டினனான். வெளியிலை கொளுத்துங்கோ."

"வெளியிலை காத்துக்கு நூந்து போகும். அவர் கடலிலை நிக்கேக்கை திரி நூந்தால் நீரே பொறுப்பு?"

"என்ரை மனுசன் முகம் தெரியேல்லை எண்டு திரும்பித் திரும்பி வாறார். அதுக்கு ஆர் பொறுப்பு?"

"எங்கடை மனுசன்மாருக்குத் தெரியுதே!"

இந்தக் கடைசி வார்த்தையை அவள் சும்மா வாயடி அடிப்பதற்காகச் சொன்னாள். நானும் வாயடியாகத்தான் எடுத்துக்கொண்டேன். கோபமாக இருக்கும்போது எதிரி சொல்வதில் எது உண்மை என்று யார் பார்க்கிறார்கள்?

கடைசியில் பங்குத்தந்தை வந்துதான் தீர்த்து வைத்தார். கூட்டுக்கு வெளியே, காற்றுக்கு மறைவான பக்கத்தில், தகரத்தால் மூன்று பக்கமும் அடைத்து, மணல் நிரப்பிய ஒரு தட்டு வைப்பது என்று முடிவாயிற்று. "திரி எங்கை எரிஞ்சாலும் மாதாவுக்குத் தெரியும்" என்றார் அவர். பெண்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனார்கள். மச்சாள் என்னோடு கதைப்பதையே விட்டுவிட்டாள். ஆனால் அதன் பிறகு கண்ணாடியில் கரி இல்லை. வெளியில் படியும் உப்பு மட்டும்தான். அதையும் நான் காலையிலும் பின்னேரமும் துடைத்தேன். தெருவில் போகிறவர்கள் கண்ணாடி இருக்கிறதா இல்லையா என்று தொட்டுத்தான் பார்க்கவேண்டும், அப்படி இருந்தது.

அன்றைக்கும் இவர் திரும்பி வந்தார்.

"முகம் தெரியேல்லை."

பேசினால் பானை சட்டி பறக்கும் என்று எனக்கே பயமாக இருந்தது. பின்பக்கம் போய்க் கோழிகளை ஏசினேன்.

அங்கேதான் தம்பி வந்தான். தொழில் இல்லாத பின்னேரம், கையில் ஒன்றுமில்லாமல் வந்து கிணற்றுக் கட்டில் சாய்ந்துகொண்டு நின்றான். பிறகு குரலைத் தாழ்த்தினான்.

"அக்கா, அத்தானிட்டைச் சொல்லாதேங்கோ. போன கிழமை வரேக்கை, சிறகுவலைக் கம்புக்கு நேரே படகை விட்டிட்டார். நான் கத்தினாப் பிறகுதான் திருப்பினவர். எனக்கு அங்கை துலாம்பரமாய்த் தெரிஞ்ச கம்பு. அவர் காணேல்லை."

சிறகுவலை என்பது ஆழம் குறைந்த கடலில் கம்புகளை வரிசையாக நட்டு, வலை கட்டி வைத்திருப்பது. ஓடி வருகிற வேகத்தில் அந்தக் கம்பில் அடித்தால் படகு பிளக்கும். எஞ்சினுக்குப் பக்கத்தில் இருப்பவர் என் புருசன், முன்னால் இருப்பவன் என் தம்பி. அதற்குப் பிறகு பார்க்கப் பார்க்க எல்லாம் புரிந்தது. தேத்தண்ணிக் கோப்பையை வைக்கும்போது மேசையின் விளிம்பைக் கையால் தடவி வைப்பது. வலை பொத்தும்போது ஊசியில் நூல் கோப்பதற்குப் பக்கத்துவீட்டுப் பெடியனைக் கூப்பிடுவது. வாசலில் ஆள் வந்தால் வந்தவர் பேசும்வரை தானும் பேசாமல் நிற்பது. இவ்வளவையும் நான் கண்டேன், ஆனால் பார்க்கவில்லை. கண்ணாடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றே கேட்டேன். சுற்றி வளைத்துக் கேட்கிற பழக்கம் எனக்கில்லை.

"உங்கடை கண்ணிலை ஏதோ பிழை. யாழ்ப்பாணத்திலை பெரியாஸ்பத்திரியிலை கொண்டுபோய்க் காட்டுவம். கண்ணிலை புரை, கற்றராக் எண்டால் சின்ன ஒப்பரேசன்தானாம்."

"என்ரை கண்ணுக்கு ஒரு குறையுமில்லை. உன்ரை கண்ணாடியிலைதான் குறை."

"கண்ணாடியிலை இனி என்ன கிடக்குது? வந்து தொட்டுப் பாருங்கோ!"

"கீறல் கிடக்குது."

அந்தக் கீறலை நான் விழுத்தியிருக்கவே கூடாது. வாழ்நாள் முழுக்கச் சொல்லிக் காட்டுவார். எவ்வளவு சொல்லியும் அசையவில்லை. ஒப்பரேசனுக்கு அவர் பயப்படவில்லை என்று எனக்குத் தெரியும். கண் காட்டினால், கொஞ்ச நாளைக்குத் தொழிலுக்குப் போகாதே என்பார்கள். அந்தக் கொஞ்ச நாளில் எஞ்சினைத் தம்பி பிடிப்பான். பிறகு அது அவன் கையிலேயே இருந்துவிடும். கரையில் இருந்துகொண்டு மற்றவர்களின் வலையில் நண்டு கழற்றிக் கொடுக்கிற ஆளாகத் தான் ஆகிவிடுவேனோ என்ற பயம். அதை வாயால் சொல்ல அவருக்கு மானம் விடவில்லை. எனக்கோ வேறு பயம். விடிய வரவேண்டிய இரண்டு பேரில் ஒருவரும் வராத ஒரு விடியலை நினைத்து நான் நடுங்கினேன். நடுங்கும்போதெல்லாம் எனக்கு அழுகை வராது, கோபம்தான் வரும். போய்க் கண்ணாடியைத் துடைப்பேன்.

தம்பிதான் கடைசியில் ஒரு வழி சொன்னான். அதை நல்ல வழி என்றுதான் நானும் நினைத்தேன். இவரையும் வைத்துக்கொண்டு, வாசலில் நின்று சொன்னான்.

"அத்தான், நீங்கள் தெருவிலை நிண்டு மாதாவின்ரை முகம் தெரியுது எண்டு சொன்னால், நான் ஒரு கதையும் கதையாமல் படகிலை ஏறுவன். தெரியேல்லை எண்டால் நீங்கள் கண் காட்டவேணும். அக்கா கண்ணாடியைத் துடைச்சு வைப்பா. இனிக் கண்ணாடியைச் சாட்டக் கூடாது. சம்மதமோ?"

"ஓம், சம்மதம்" என்றார் இவர்.

எங்களுக்கு இதைவிடப் பெரிய சோதனை தெரியாது. வேறு ஊரில் என்றால் எழுத்துப் பலகையைக் காட்டி வாசிக்கச் சொல்வார்கள். எங்கள் கரையில் மாதாவின் முகத்தை வைத்து ஒருவன் பொய் சொல்வான் என்று தம்பிக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. அடுத்த நாள் பின்னேரம் இவர் தெருவில் நின்று, தொப்பியைக் கழற்றி, கொஞ்சநேரம் பார்த்தார். "தெரியுது" என்றார். சிலுவை போட்டுக்கொண்டு இறங்கினார். எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்லி முடியாது. கண்ணில் பிழையே இல்லை, அந்தக் கரிதான் பிழை, என் கையால் அது தீர்ந்துவிட்டது என்று நினைத்தேன். தங்கச்சிக்குப் போன் எடுத்து உன் சாம்பல் வைத்தியம் பலித்துவிட்டது என்று பெருமை அடித்தேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் "தெரியுது" தான். தொழிலுக்குப் போகாமல் ஒருநாளும் திரும்பி வரவில்லை. தம்பி மட்டும் முன்னைவிடக் கதை குறைந்துபோனான். நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

திருநாள் கிட்ட வந்தது. சுருவத்தின் வர்ணம் உப்புக் காற்றில் உரிந்து போயிருந்ததால் புதிதாகப் பூசுவதென்று முன்பே பேசியிருந்தார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து பூசுகிறவர் சனிக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தும், வெள்ளிக்கிழமை மத்தியானமே ஓட்டோவில் வந்து இறங்கினார். இந்தப் பக்கம் வேறு அலுவலாக வந்தாராம், கையோடு எடுத்துக்கொண்டு போகிறாராம். நான் திறப்பைக் கொடுத்தேன். சுருவத்தை வெள்ளைச் சீலையில் சுற்றி, பிள்ளையை மடியில் வைப்பதுபோல வைத்துக்கொண்டு அவர் போய்விட்டார். இவர் அப்போது நல்ல நித்திரை. இரவு முழுக்கத் தொழிலில் நின்று வந்த ஆளை இதற்காக எழுப்புவானேன் என்று விட்டுவிட்டேன்.

பெட்டி காலியாக இருக்கும்போதாவது மூலை முடுக்கெல்லாம் துடைக்கலாம் என்று துணியோடு போனேன். சுருவம் நின்ற இடத்தில் வட்டமாக ஒரு அடையாளம், பின்சுவரில் நீலச் சாயம், ஒரு மூலையில் பழைய மெழுகு. எல்லாவற்றையும் சுரண்டித் துடைத்துக் கழுவி, கதவை மூடிப் பூட்டும்போது நேரம் போய்விட்டது. முன்வாசல் படலைச் சத்தம் கேட்டது. இவர் வலைப் பையோடு வெளியே வந்துவிட்டார். பின்னால் தம்பி மண்ணெண்ணெய்க் கானோடு.

மாதா எங்கே என்று கேட்பார், சொல்லுவோம் என்று நான் கூட்டுக்குப் பக்கத்தில் நின்றேன். நல்ல வெளிச்சம். வெயில் இன்னும் முழுதாய்ச் சாயவில்லை. இவர் தெருவின் அந்தப் பக்கம் போய், வழக்கமாக நிற்கிற இடத்தில் நின்றார். தொப்பியைக் கழற்றினார். வெறும் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். சிலுவை போட்டார்.

"இண்டைக்குத்தான் கண்ணாடி கண்ணாடியாய்க் கிடக்குது" என்றார், தம்பிக்கும் கேட்கிற மாதிரி உரத்து. "மாதாவின்ரை முகம் பளிச்செண்டு தெரியுது."

தம்பி பெட்டியைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். கானை மெதுவாகக் கீழே வைத்தான்.

இத்தனை நாளும் ஒவ்வொரு பின்னேரமும் இப்படித்தான் நின்றாரா? ஒன்றும் தெரியாமல், நான் துடைத்து வைத்த வெளிச்சத்தைப் பார்த்துச் சிலுவை போட்டுவிட்டு, என் தம்பியை முன்னால் இருத்திக்கொண்டு கடலுக்குள் போனாரா? ஓடிப் போய் அந்த நெஞ்சில் குத்தவேண்டும் போல இருந்தது. கட்டிப் பிடித்து அழவேண்டும் போலவும் இருந்தது.

"பெட்டிக்குள்ளை ஒண்டுமில்லை" என்றேன். "மாதாவை வர்ணம் பூசக் கொண்டு போட்டினம்."

தொப்பி கையில் இருந்தபடி இருந்தது.

"எப்ப?"

"மத்தியானம். நீங்கள் நித்திரை."

தெருவில் ஒரு சைக்கிள் போனது. அவர் அது போகும்வரை நின்றார்.

"எத்தினை நாளாய்?" என்று கத்தினேன். "எத்தினை நாளாய் உங்களுக்கு முகம் தெரியேல்லை? மாதாவின்ரை முகத்தை விடுங்கோ, என்ரை முகம் தெரியுதோ? இப்ப இதிலை நிக்கிறேனே, தெரியுதோ?"

அவர் நான் நிற்கிற பக்கம் திரும்பினார். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். இந்தமுறை பொய் சொல்லவில்லை.

"இல்லை" என்றார். "நீ கத்துறது கேக்குது. அதைப் பிடிச்சுக்கொண்டுதான் இவ்வளவு நாளும் வீட்டுக்கு வந்தனான்."

தம்பிக்குச் சிரிப்பு வந்து அடக்கிக்கொண்டான். எனக்கு அழுகை வந்துவிட்டது. கையில் இருந்த கரித்துணியாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அவர் தெருவைக் கடந்து வந்து, வலைப் பையைத் தோளிலிருந்து இறக்கித் தம்பியிடம் நீட்டினார்.

"கொண்டுபோய் வை. இண்டைக்குப் போகேல்லை" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, கையை நீட்டி, என் தோள் எங்கே இருக்கிறது என்று தேடிப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"விடிய யாழ்ப்பாணம் போற பஸ் எத்தினை மணிக்கு?"